அடுத்த பாட்டு முதலில் உங்கள் காதில்

கேள்வி: அண்ணா, திண்டுக்கல்லில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறை நாள்களில் எங்கள் ஊர் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போய் 20,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். டி.ஜே. கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கையால் மாற்றிக் கலக்க உதவும் கருவி) வாங்கிக் கல்யாண வரவேற்புகளில் பாட்டுப் போட ஆசை. கடை முதலாளி, ‘லைட் எரியிற சின்னது போதும்’ என்கிறார். நண்பன், ‘நாலு சேனல் இல்லாம வாங்காதே’ என்கிறான். அம்மாவுக்கோ பணம் வீணாகிவிடுமோ என்று கவலை. அக்காவின் லேப்டாப் இருக்கிறது, 8 ஜி.பி. ராம். எதை வாங்கலாம்?
– பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல்.

பதில்:

தம்பி, பாக்ஸ் இறக்கி, ஒயர் சுற்றி, விடியற்காலையில் வேன் ஏறி வீடு திரும்பிச் சேர்த்த காசு இது. அதில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

எந்தக் கம்பெனி, எத்தனை சேனல் (ஒரே நேரத்தில் எத்தனை பாட்டை ஓட்டலாம் என்ற கணக்கு) என்பதெல்லாம் அப்புறம். கடைக்காரர் எதை எடுத்துக் காட்டினாலும் முதலில் இதைக் கேளுங்கள்: ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போது, அடுத்து போடப்போகும் பாட்டை நான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க முடியுமா? ‘முடியும், ஆனா அதுக்குத் தனியா ஒரு கேபிள் வாங்கணும்’ என்று இழுத்தால், அந்தப் பெட்டியை மூடி வைக்கச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொடக்கத்தில், ஹெட்ஃபோனுக்குத் தனியாகச் சத்தம் பிரித்துத் தரும் சவுண்ட் கார்டு இல்லாத ஒரு சின்னக் கருவியோடு ஒரு வரவேற்புக்குப் போனேன். லேப்டாப்பில் இருந்த ஒரே ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒயர் போய்விட்டது. என் காதுக்கு எதுவும் மிச்சமில்லை. பெயரைப் பார்த்து ஒரு பாட்டைத் தட்டினேன். படத்திலிருந்து அப்படியே வெட்டி எடுத்த பதிப்பு அது. பாட்டு தொடங்குமுன் அரை நிமிடம் வசனம் ஓடியது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். மாப்பிள்ளையின் பாட்டி அந்த நேரத்தில்தான் பேரனோடு ஆட எழுந்து வந்திருந்தார். சற்று நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே போய் உட்கார்ந்தார். அன்று அவர் மறுபடி எழவே இல்லை. அந்த அரை நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பழைய தலைமுறைக்கும் இதே சிக்கல் இருந்தது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இசைத்தட்டு சுழற்றிய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தொழிற்பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். இரண்டு தட்டின் சத்தத்தைக் கலக்கத் தன்னிடமிருந்த மிக்ஸரில் அடுத்த தட்டை முன்கூட்டிக் கேட்க வழி இல்லை என்பதால், ஒரு சுவிட்சைத் தேடிப்பிடித்து, பசை போட்டு ஒட்டி, அந்த வழியைத் தானே உண்டாக்கிக்கொண்டார். ‘பீக்கபூ’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். கையால் முகத்தை மூடித் திறந்து குழந்தைக்குக் காட்டுவோமே, அந்த விளையாட்டின் பெயர். இன்றைய கன்ட்ரோலரில் இரண்டு பக்கமும் ஹெட்ஃபோன் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். அவர் ஒட்டிய சுவிட்சின் வேலையைத்தான் அது செய்கிறது.

கன்ட்ரோலருக்குள் பாட்டு எதுவும் இல்லை. நீங்கள் ஒரு திருகைத் திருப்பினால் ‘இவ்வளவு திருப்பினார்’ என்ற செய்தி யு.எஸ்.பி. ஒயர் வழியாக லேப்டாப்புக்குப் போகும். பெரும்பாலும் 1983-இல் வந்த மிடி என்ற மொழியில்தான் அந்தப் பேச்சு நடக்கும். பாட்டை ஓட்டுவது, வேகம் மாற்றுவது, கலப்பது எல்லாம் லேப்டாப்பில் உள்ள மென்பொருளின் வேலை. அப்படியானால் காசு எதற்குக் கொடுக்கிறோம்? கைக்குப் பிடிமானமான சக்கரத்துக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் ஃபேடருக்கும் பாதி. உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டுக்கு மீதி. ஸ்பீக்கருக்கு ஒரு வழி, ஹெட்ஃபோனுக்கு ஒரு வழி என்று சத்தத்தைப் பிரித்துத் தருவது அந்தக் கார்டுதான். பயனியரின் டி.டி.ஜே.-200 கைக்கு இலேசான, அழகான கருவி. ஆனால் அதில் சவுண்ட் கார்டு கிடையாது. யாராவது மலிவாகக் கொடுக்க முன்வந்தாலும் உங்கள் வேலைக்கு அது ஆகாது.

அடுத்தபடியாக, அடித்தொனியைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் திருகைப் பாருங்கள். இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றாகப் பாக்ஸில் இறங்கினால் என்ன ஆகும் என்று சவுண்ட் கடையில் நிற்கும் உங்களுக்குத் தெரியும்: பாட்டு போய் இரைச்சல்தான் மிஞ்சும். போகிற பாட்டின் பேஸை இறக்கியபடியே வருகிற பாட்டின் பேஸை ஏற்றப் பழகிவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது. நியூமார்க்கின் டி.ஜே.2கோ2 டச் பைக்குள் அடங்கும் அளவு சின்னது, ஹெட்ஃபோன் துளையும் அதில் உண்டு. ஆனால் பேஸ், மிட், ட்ரெபிள் (கீழ், நடு, மேல் ஒலி) திருகுகள் இல்லை. முதல் கருவியாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் முதலாளி சொல்வது நியூமார்க் பார்ட்டி மிக்ஸாக இருக்கும். பின்பக்கம் கலர் விளக்கு எரியும், ஹெட்ஃபோனிலும் கேட்கலாம். வீட்டுப் பிறந்தநாளுக்கு நல்ல பொருள்தான். மண்டபத்து விளக்கைக் கடையே கொண்டுவரும்போது கன்ட்ரோலரில் விளக்குக்கு ஏன் காசு போட வேண்டும்? நண்பர் கேட்கும் நாலு சேனலும் இப்போது வேண்டாம். வரவேற்பு மேடையில் மூன்றாவது பாட்டை ஒரே நேரத்தில் ஓட்டும் தேவை எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

நான் உங்களுக்குச் சொல்வது ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300, அதிலும் எம்.கே.2 என்ற இரண்டாம் பதிப்பு. ஹெர்குலிஸ் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பிராண்ட், 2003-லேயே டி.ஜே. கன்ட்ரோலர் கொண்டுவந்தவர்கள். பக்கத்துக்கு மூன்று ஈ.க்யூ. திருகு (பேஸ், மிட், ட்ரெபிள்), விரலால் தட்டும் எட்டு பேட், சவுண்ட் கார்டு எல்லாம் இதில் உண்டு. எனக்கு இதில் பிடித்தது வேக ஸ்லைடருக்கும் சக்கரத்துக்கும் அருகில் எரியும் வழிகாட்டி விளக்குகள். இரண்டு பாட்டின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவை காட்டும். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டன் உங்களுக்காக வேலையை முடித்துவிடும், நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். இந்த விளக்கோ வேலையை உங்கள் கையிலேயே விட்டுவிடுகிறது. கொஞ்ச நாளில் விளக்கைப் பார்க்காமலே காது சொல்லத் தொடங்கும். ஹெட்ஃபோனுக்கு ஒதுக்கியது போக மீதிப் பணத்துக்குள் 300 அடங்கவில்லை என்றால் இன்பல்ஸ் 200. அதில் பக்கத்துக்கு நாலு பேட்தான், மூன்று ஈ.க்யூ. திருகுக்குப் பதில் பேஸ் ஒன்று, ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று. அவசரத்துக்கு அந்த இரண்டே போதும்.

எல்லோரும் பயனியரின் டி.டி.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4 என்று சொல்லியிருப்பார்கள். சொல்வது சரிதான். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற இரண்டு டி.ஜே. மென்பொருளோடும் ஓடும், மைக் செருகலாம், கிளப்புகளில் இருக்கும் பெரிய பயனியர் கருவிகளின் அமைப்பை ஒட்டியே பட்டன்கள் இருக்கும். பின்னாளில் சென்னை, பெங்களூரு கிளப்புகளில் வாசிக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பழக்கம் உதவும். உங்கள் தொகைக்கு அது மேலே நிற்கும். அதற்காகத் தவணையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கல்யாண மண்டபத்தில் யாரும் உங்கள் கருவியின் பெயரைப் பார்த்து ஆடப்போவதில்லை. (கடையில் ஆல்ஃபாதீட்டா என்று எழுதியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். பயனியர் டி.ஜே. கருவிகளைச் செய்யும் கம்பெனியின் பெயர் 2020 முதல் அதுதான்.)

2018-இல் வந்த டி.டி.ஜே.-400, எஃப்.எல்.எக்ஸ்.4-க்கு முந்தைய தலைமுறை. செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் அதையும் பாருங்கள். ஆனால் உங்கள் லேப்டாப்போடும் ஹெட்ஃபோனோடும் நேரில் போங்கள். படத்தை மட்டும் பார்த்து ஒருமுறை நான் வாங்கிய கருவியில், ஒரு பாட்டிலிருந்து மறு பாட்டுக்கு மாற்றும் கிராஸ் ஃபேடர் நடுவில் வரும்போதெல்லாம் ஒரு பக்கத்துச் சத்தம் அறுந்து அறுந்து போனது; விற்றவர் அதன்பின் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஃபேடரையும் மெதுவாக ஓரத்திலிருந்து ஓரம்வரை தள்ளிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். யு.எஸ்.பி. துளையில் ஒயரை லேசாக அசைத்துப் பாருங்கள், இணைப்பு விட்டால் வேண்டாம். ஹெட்ஃபோன் துளையில் இரண்டு காதிலும் சத்தம் வர வேண்டும்.

ஹெட்ஃபோனுக்கு 20,000-இல் ஒரு 2,500 ரூபாயாவது எடுத்து வையுங்கள். காதை முழுக்க மூடுவது, ஒயர் உள்ளது. ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். அதில் சத்தம் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்துத்தான் காதுக்கு வரும். தாளம் சேர்க்கும் வேலையில் அந்தச் சிறு பங்கே எல்லாவற்றையும் கெடுக்கும். கன்ட்ரோலரின் ஆர்.சி.ஏ. துளையிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் பெரிய பின்னுக்குப் போகும் கேபிளை நீங்கள் வேலை செய்யும் சவுண்ட் கடையிலேயே வாங்கிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன், முதலாளியிடம் கேளுங்கள்.

கருவிக் கடையில் யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த மென்பொருள்கள் நான்கு நான்காக எண்ணுகிற, வேகம் மாறாத இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கிளப்புகளில் போடும் ஹவுஸ் இசை நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிக்குள் கடிகாரம்போல நடக்கும். சிங்க் அங்கே அழகாக உட்காரும். நம் குத்துப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை. தகிட, தகிட என்று மும்மூன்றாகப் போகும். கையால் தட்டினால் 100 வருகிற பாட்டுக்கு மென்பொருள் 150 என்று காட்டுவதைப் பார்ப்பீர்கள். மும்மூன்றாக எண்ண வேண்டியதை இரண்டிரண்டாக எண்ணிய குழப்பம் அது. அந்த எண்ணை நம்பி சிங்க் அழுத்தினால் இரண்டு பறையும் ஒன்றையொன்று துரத்தும். பழைய பாட்டுகளில் இன்னொரு சிக்கல். மனிதர்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை அவை. பல்லவியில் ஒரு வேகம், கடைசிச் சரணத்தில் இன்னொரு வேகம். முதல் நிமிடத்தில் பொருந்திய, மென்பொருள் போட்ட தாளக் கட்டம் மூன்றாம் நிமிடத்தில் விலகி நிற்கும். ரெக்கார்ட்பாக்ஸில் டைனமிக் என்றொரு ஆய்வு முறை உண்டு. அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு சரியாகும். முழுதாகச் சரிசெய்வது உங்கள் காதும் சக்கரத்தின் மேலுள்ள விரலும்தான்.

திஸ்ரத்திலிருந்து, நான்கு நான்காகப் போகும் சதுஸ்ரத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டையும் நீளமாகக் கலக்க முயலாதீர்கள். பல்லவி முடிந்து மூச்சு விடும் இடத்தில், எக்கோ போட்டு முதல் பாட்டை விட்டுவிட்டு, அடுத்ததின் முதல் அடியை அங்கே வையுங்கள். அந்த முதல் அடி எங்கே விழுகிறது என்பதை ஹெட்ஃபோனில் முன்பே கேட்டுக் குறித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்வி இதற்காகத்தான்.

பாட்டுகளை வாங்கி லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் நெட் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். வீடியோவிலிருந்து பிரித்தெடுத்த பாட்டு இயர்போனில் நன்றாக இருக்கும், பெரிய பாக்ஸில் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அது நியாயமான கவலை. மிக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். முழுக்க இலவசம், கன்ட்ரோலர் இல்லாமல் கீபோர்டிலேயே ஓட்டலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி, ஸ்பீக்கரை அதிலும் ஹெட்ஃபோனை லேப்டாப்பிலும் செருகுங்கள். மென்பொருளின் சவுண்ட் அமைப்பில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவிட்டால் முன்கூட்டிக் கேட்கும் வழி உங்களுக்குக் கிடைத்துவிடும். பிறகு இரண்டே இரண்டு பாட்டை எடுங்கள், உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சிங்க் இல்லாமல் போய்ப் பாருங்கள். ஒரு மாதம், தினமும் அரை மணி நேரம், அதே இரண்டு பாட்டு. அம்மா அடுக்களையில் இருந்தபடி கேட்கட்டும். எந்த இடத்தில் மாறியது என்று அவருக்குத் தெரியாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.