பவர் ஸ்டீரிங் டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன், வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாமா?

போகாதீர்கள். ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடாதவரை நீங்கள் ஊற்றியது பெரும்பாலும் டேங்கிலேயே கிடக்கும். ஸ்டார்ட் செய்த சில நொடியில் பம்ப் அதை இழுத்து ஹோஸ், ரேக் (முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் பாகம்) என்று எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடும். முதல் நிலையில் ஒரு சிரிஞ்சு போதும். இரண்டாவதில் அரை நாள் வேலை.

எனக்கு நடந்தது இரண்டாவது.

காவேரிப்பட்டணத்தில் வீட்டு வாசலில், மாங்காய் சீசன் நேரம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010 மாடல் இன்னோவா. காலையில் முதல் வளைவில் ஸ்டீரிங் 'உய்ய்ங்' என்று முனகும். ஆயில் குறைந்திருக்கும் என்று கிருஷ்ணகிரியில் ஒரு லிட்டர் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், பல வண்டிகளில் ஸ்டீரிங்குக்கும் இதுதான்) வாங்கி டிக்கியில் போட்டேன். ஏற்கெனவே அங்கே ஒரு பிரேக் ஆயில் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, கரண்டும் இல்லை. செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். கையில் இருந்த பாட்டில் சின்னது என்பதுகூட உறைக்கவில்லை. ஸ்டார்ட் செய்து ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை முழுசாகத் திருப்பினேன். முனகல் குறையவில்லை. மூடியைத் திருகும்போதுதான் பார்த்தேன், விரலில் ஒட்டியிருந்தது சிவப்பாக இல்லை.

பாலக்கோடு ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு போன் போட்டேன். "தம்பி, மொதல்ல சாவிய எடு. காலைல நானே வர்றேன். அதுவரைக்கும் ஸ்டீரிங்க தொடாத" என்றார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இதில் என்ன கெடுதல் என்றால், பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. பாட்டிலில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பதெல்லாம் கிளைக்கால் வகை திரவம். ஸ்டீரிங் பம்பிலும் ரேக்கிலும் இருக்கும் ரப்பர் சீல்கள் எண்ணெய்க்கென்று செய்தவை. பிரேக் ஆயிலில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகி, பிறகு கசியும். பம்புக்கு வேண்டிய வழவழப்பையும் அது தராது. எண்ணெயோடு ஒழுங்காகக் கலக்கவும் செய்யாது. மறுநாள் டேங்கிலிருந்து உறிஞ்சியதை அண்ணன் ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மதில்மேல் வைத்தார். முதலில் ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கீழே தேன் நிறத்தில் ஒரு படலம், மேலே சிவப்பு. பிரேக் ஆயில் கனம் அதிகம், அடியில் இறங்கிவிடும். உங்கள் டேங்கில் மேலாக மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று மூடினால் வேண்டாததை எல்லாம் உள்ளே விட்டு வைத்ததாக ஆகும். டியூப் அடிவரை போகவேண்டும்.

அப்புறம் அவர் செய்தது: முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தார். ரேக்கிலிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டார். டேங்கின் அந்த முனையை அடைத்தார். எஞ்சினை ஓட்டாமல் நான் ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பத் திருப்ப, கேனில் பழையது விழுந்தது. அவர் புது ஏடிஎஃப் ஊற்றிக்கொண்டே இருந்தார். பம்புக்குள் இருப்பது வெளியே வர, இரண்டு மூன்று நொடி மட்டும் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொன்னார். டேங்க் காலியான பிறகும் பம்ப் ஓடினால் அது வேறு தண்டச் செலவு. மூன்று லிட்டர் போனது. ஹோஸை மாட்டி, மறுபடி எஞ்சின் அணைந்த நிலையில் இருபது தடவை திருப்பி, குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். கூலியும் சேர்த்து 1,800 ரூபாய்.

ஊற்றும்போது வெளியே சிந்தியதா என்றும் பாருங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். என் வண்டியின் ஃபெண்டரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வடு இன்னும் இருக்கிறது.

எல்லாத் தவறும் இந்த அளவு போகாது. எஞ்சின் ஆயில் ஊற்றியிருந்தால் சத்தமும் நுரையும் வரும், வடித்து மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். என் இன்னோவாவுக்கு ஏடிஎஃப்தான் ஸ்டீரிங் ஆயிலே. ஆனால் ஹோண்டாக்காரர்கள் தங்கள் சொந்த ஆயிலைத்தான் போடச் சொல்கிறார்கள். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைக் கேட்டே ஆகவேண்டும். உங்கள் வண்டியில் ஸ்டீரிங் ஆயில் டேங்க் உண்மையிலேயே இருக்கிறதா? ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிகளில் மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டீரிங், ஆயிலே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் 'ஸ்டீரிங் டேங்க்' என்று எதையோ திறந்து ஏடிஎஃப் ஊற்றியவர் ஒருவரைத் தெரியும். அவர் திறந்தது பிரேக் டேங்க். அது நம்முடையதைவிடப் பத்து மடங்கு மோசம். பிரேக் சீல்களுக்கு எண்ணெய் ஆகாது, ஊதிப்போய்ப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் பெடல் கீழே போகும். ஸ்டீரிங் ஆயில் மொத்தமும் ஒழுகிப் போனாலும் சக்கரம் திரும்பும், கைதான் வலிக்கும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் போனால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தத் தவறு நடந்திருந்தால் வண்டியைத் தள்ளிக்கூட நகர்த்தாமல் ஆளை அங்கேயே வரவழையுங்கள்.

என் வண்டி எட்டு மாதம் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு ரேக்கின் வலது பக்க ரப்பர் உறைக்குள் ஈரம் தெரிந்தது, சீல் கிட் மாற்றினோம். அன்றைக்கு ஊற்றியதாலா, ஏற்கெனவே இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ரேக் என்பதாலா என்று கேட்டேன். "ரெண்டுக்கும் சேத்து பில் போட்டுடவா?" என்றார் அண்ணன்.