பழைய ‘மெட்ராய்ட்’ வீடியோ கேமை ஆடாமல் நேரே ‘ஜீரோ மிஷன்’ ஆடலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால் முதலில் ஆட வேண்டியதே ஜீரோ மிஷன்தான். 1986-ல் வந்த மெட்ராய்டை, கையடக்க கேம் பாய் அட்வான்ஸுக்காக நின்டெண்டோ 2004-ல் புதிதாகச் செய்தது இது. அதே செபெஸ் கிரகம், அதே நாயகி சேமஸ், அதே வில்லன் மதர் பிரெயின்.

தர்மபுரியில் எங்கள் செட்டுக்கு டிவி கேம் என்றாலே மரியோவும் கான்ட்ராவும்தான். வலது பட்டனை அமுக்கிக்கொண்டே ஓடிப் பழகிய கை. மெட்ராய்டில் அப்படி ஓடினால் கொஞ்ச தூரத்திலேயே ஆள் நுழைய முடியாத குட்டிச் சந்து மறிக்கும். தொடங்கிய இடத்துக்கு இடப்பக்கம் போனால்தான், உடம்பைச் சுருட்டி உருள வைக்கும் ‘மார்ப் பால்’ கிடைக்கும். புது சக்தியோடு திரும்பி வந்து பழைய அடைப்பைத் திறப்பது. மொத்த ஆட்டமும் இதுதான். ரீமேக் அதில் கைவைக்கவில்லை.

எடுத்துப்போட்டது வெறும் எரிச்சலை. பழையதில் மேப் கிடையாது. நார்ஃபேர் பகுதியில் அச்சு அசல் ஒரே மாதிரி சுரங்கங்கள் வரும். குனிந்து சுட முடியாது, காலடியில் ஊரும் பூச்சி கடித்துக்கொண்டே இருக்கும். செத்தால் மறுபடி வெறும் 30 எனர்ஜி. அமெரிக்கப் பதிப்பிலோ விட்ட இடத்தில் தொடர 24 எழுத்து பாஸ்வேர்ட். சைபரா, ‘ஓ’வா என்று முழிக்க வேண்டும். ஜீரோ மிஷனில் சேவ் அறைகள் உண்டு. நான் பெரும்பாலும் சேலம் பஸ்ஸில்தான் ஆடினேன். தொப்பூர் கணவாய் வளைவுகளுக்கு முன்னால் சேவ் செய்துவிட்டு நிமிர்ந்துவிடலாம்.

சோசோ என்ற பறவை இனத்தின் சிலைகள் ஜீரோ மிஷனில் அடுத்த இடத்தை மேப்பில் குறித்துக் காட்டுவது பழைய ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்காது. நியாயம்தான். ஆனால் சிலை இடத்தைத்தான் காட்டும், வழியை நாம்தான் தேட வேண்டும். ஒளிந்திருக்கும் வழிகளைக் கண்டுபிடித்தால் கிரெய்ட், ரிட்லி என்ற இரண்டு பெரிய எதிரிகளில் கிரெய்டுக்கு முன்பே ரிட்லியை முடிக்கலாம்.

எனக்கு ஒத்துவராத இடம் வேறு. (முடிவு தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) மதர் பிரெயின் செத்த பிறகு சேமஸின் கவச சூட் இல்லாமல், எதிரியை மயக்க மட்டுமே செய்யும் ஒரு சின்னத் துப்பாக்கியோடு பதுங்கிப் பதுங்கிப் போக வைக்கிறார்கள். சைரன் அடித்தால் ஓட்டம்தான். அது பாதி நீளம் இருந்திருந்தால் போதும். சூட் திரும்பக் கிடைத்ததும் அதே எதிரிகளைப் போட்டுத் தாக்குவது மட்டும் செம.

ஒருமுறை முடித்துவிட்டால் 1986 மெட்ராய்டும் இதற்குள்ளேயே திறந்துகொள்ளும். அப்போது அதை ஆடிப் பாருங்கள், மேப் வரைய ஒரு நோட்டோடு. பழைய கேட்ரிட்ஜுக்கு அலைய வேண்டாம். 2024 முதல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் எக்ஸ்பேன்ஷன் பேக் சந்தாவிலேயே ஜீரோ மிஷன் இருக்கிறது.