ஜாக்கா, ஓஸில், எம்பாப்பே: இந்தப் பெயர்களை எப்படிச் சொல்வது?

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து யூடியூபில் தமிழில் கால்பந்து நேரடி வர்ணனை செய்கிறோம். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அணிகள் ஆடும் நாட்களில் பெயர்கள்தான் பெரிய தலைவலி. வீரர் பிறந்தது ஜெர்மனியில், குடும்பம் வந்தது துருக்கியிலிருந்து. ஜெர்மானியர் சொல்வது போலச் சொல்வதா, துருக்கியர் சொல்வது போலச் சொல்வதா? எப்படிச் சொன்னாலும் யாராவது ஒருவர் திருத்த வருகிறார். இதற்கு விதி ஏதும் உண்டா?

பதில்: விதி என்று ஒன்றுதான் உண்டு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பொது இடத்தில் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ, அதுதான் சரி. தாத்தாவின் ஊர் வழக்கு தீர்ப்புச் சொல்லாது. பாஸ்போர்ட் தந்த நாட்டின் வழக்கும் சொல்லாது. உங்களைத் திருத்த வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

2014 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியின் நடுக்களத்தையே எடுத்துக்கொள்வோம். சாமி கெடீராவின் தந்தை துனிசியாக்காரர். அரபியில் அந்தப் பெயர் அடித்தொண்டையை உரசிக்கொண்டு தொடங்கும். ஜெர்மனியில் அந்த உரசல் போய், சாதாரண 'க' ஆகிவிட்டது. அதே அணியில் மெசுட் ஓஸில். ஜெர்மன் எழுத்து விதிப்படி படித்தால் 'இஸட்' எழுத்துக்கு 'ட்ஸ்' ஒலி வர வேண்டும். ஆனால் 'ஓட்ஸில்' என்று எந்த ஜெர்மானியரும் சொல்வதில்லை; துருக்கி ஒலியே நின்றுவிட்டது. ஒரே அணி, ஒரே நாடு, ஒரு பெயர் மாறிக்கொண்டது, இன்னொன்று மாறவில்லை. இதை எந்தச் சூத்திரம் வைத்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கேட்க நேரமில்லாதபோது? அப்போது ஒரு நல்ல ஊகம் வேண்டும். ஆட்டக்காரர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தப் பெயரை ரோமன் எழுத்தில் முதலில் எழுதி வைத்தது யார் என்று கேளுங்கள். பாதிப் பெயர்கள் அந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலா மக்களிடையே பரவலாக இருக்கும் ஒரு குடும்பப் பெயர் 'ஜாலோ'. ஆங்கிலேயர் ஆண்ட காம்பியாவில் அதை ஜே எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட செனகல், கினியா பக்கம் அதே பெயரை டி-ஐ-ஏ (Dia) என்று தொடங்கினார்கள். எழுத்தில் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். பிறகு அந்த இரண்டாவது எழுத்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்குள்ளவர்கள் எழுத்தைப் பார்த்து 'தியாலோ' என்று படித்தார்கள். பிரான்சின் தூர் நகரில் பிறந்து செனகலுக்கு ஆடிய அப்து தியாலோவை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆக, அவருக்கு 'தியாலோ'. காம்பியா வீரர் என்றால் 'ஜாலோ'. இரண்டு ஒலிப்பும் சரிதான், ஆளை மாற்றிப் போட்டால்தான் தப்பு.

பிரெஞ்சுக் கை பட்ட பெயர் என்று தெரிந்துவிட்டால் சில பழக்கங்கள் உதவும். ஓ-யூ சேர்ந்து வந்தால் 'உ'. டி-சி-எச் (tch) வந்தால் அழுத்தமான 'ச்ச'. டி-ஜே (dj) வந்தால் 'ஜ'. தலையில் கோடு போட்ட ஈ எழுத்து 'ஏ'. கேமரூன் வழி வந்த பிரெஞ்சு வீரர் சுவாமெனியின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். இந்தப் பழக்கத்தோடு பார்த்தால் சுலபமாகிவிடும். ஸிதான் பெயரும் இப்படித்தான். கடைசி ஈ எழுத்துக்கு ஒலி கிடையாது, நடுவில் இருக்கும் ஏ எழுத்து 'ஆ'. நம் விளையாட்டுப் பக்கங்களில் பல வருஷமாக ஓடும் 'ஜிடேன்' முழுக்க முழுக்க ஆங்கிலக் கண்ணாடி வழியாகப் படித்தது.

துருக்கி எழுத்து இன்னும் சுலபம், ஏனென்றால் 1928இல் துருக்கி ரோமன் எழுத்துக்கு மாறியபோது ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று ஒழுங்காக வகுத்துவிட்டார்கள். வெறும் சி எழுத்து 'ஜ'. அதனால் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஜெர்மன் வீரர் எம்ரேயின் குடும்பப் பெயர் 'கேன்' ஆகாது, 'ஜான்'. சி-க்கு அடியில் வால் இருந்தால் 'ச்ச'. ஜி எழுத்தின் தலையில் சின்னப் பிறை இருந்தால் அதற்குத் தனி ஒலியே கிடையாது, முன்னால் இருக்கும் உயிரெழுத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போகும். மான்ஹைமில் பிறந்து துருக்கிக்கு ஆடும் ஹாகானின் பெயர் இதனால்தான் 'சால்ஹானோலு'; அதில் 'க்ளு' எங்கும் இல்லை. கெல்சன்கிர்ஷனில் பிறந்த இல்காயின் பெயர் துருக்கி முறையில் 'குன்டோ-ஆன்'. பத்திரிகைகள் பிறையை விட்டுவிட்டு வெறும் ஜி போடுவதால் ஜெர்மன் வர்ணனையில் 'குன்டோகான்' என்றும் காதில் விழும். இரண்டில் ஒன்றைச் சொன்னதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப் போவதில்லை.

அல்பேனியப் பெயர்களில்தான் கண் அதிகம் ஏமாறும். அந்த மொழியில் எக்ஸ், ஹெச் இரண்டும் சேர்ந்தால் 'ஜ'. ஜே எழுத்தோ 'ய'. ஆகவே கொசோவோவிலிருந்து வந்த குடும்பத்தில் பாசலில் பிறந்த கிரானிட்டின் பெயர் 'ஜாக்கா'. பிரஸ்ஸல்ஸில் பிறந்த அட்னானின் பெயர் 'யானுஸாய்'. 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியில், லான்ஸ் நகரில் சுவிட்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதின. கிரானிட் ஒரு பக்கம், அண்ணன் தவுலன்ட் எதிர்ப்பக்கம். 'ஸாகா' என்று படித்துக்கொண்டிருந்த வர்ணனையாளர் ஒவ்வொருவருக்கும் அன்று இரட்டைத் தண்டனை. கியூ எழுத்து கொஞ்சம் சிக்கலானது, 'க்ய'வுக்கும் 'ச்ச'வுக்கும் நடுவில் நிற்கும். ஆங்கில வர்ணனையில் 'ஷகீரி' என்று கேட்கும் சுவிஸ் வீரரின் பெயர் அல்பேனிய வாயில் 'ஷாச்சிரி'க்குத்தான் பக்கம்.

முன்னாள் யூகோஸ்லாவியப் பகுதிப் பெயர்களுக்கு ஒரு வரி போதும்: கடைசியில் சி எழுத்து இருந்தால் 'ச்'. மால்மோவில் பிறந்த ஸ்லாத்தான் 'இப்ராஹிமோவிச்'. சுவிட்சர்லாந்தில் பிறந்து குரோஷியாவுக்கு ஆடிய இவான் 'ராக்கிதிச்'. 'விக்', 'டிக்' என்று முடிக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

இந்த ஊகம் எங்கே காலை வாரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூல மொழி தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தப்பு செய்கிறார்கள். பிரான்சுக்கு ஆடிய லோரன் கோஸியெல்னியின் தாத்தா வழி போலந்து. போலிஷ் படித்தவர் அந்தப் பெயரை 'கோஷ்ச்செல்னி' என்பார். பிரான்சில் அது பல காலமாக 'கோஸியெல்னி'. ஸ்டுட்கார்ட்டில் பிறந்த செர்ஜ் க்னாப்ரியின் தந்தை ஐவரி கோஸ்ட்காரர். பிரெஞ்சு விதிப்படி ஜி, என் சேர்ந்தால் 'ஞ' வர வேண்டும். ஜெர்மனியில் 'க்' தெளிவாகவே ஒலிக்கிறது, ஆகவே 'ஞாப்ரி' என்று புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். அர்ஜென்டினாவின் மாஸ்செரானோ பெயர் இத்தாலியிலிருந்து போனது. இத்தாலியில் அந்த எழுத்துகளுக்கு 'மாஸ்கெரானோ' என்று வரும். ஸ்பானிஷ் பேசும் ஊரில் சி, ஹெச் சேர்ந்தால் 'ச்ச'தான், அவர் பெயரும் அப்படியே ஆகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது டேவிட் ட்ரெஸெகேயின் பெயர். பிரான்சிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் போன குடும்பத்தின் பிரெஞ்சுப் பெயர் அது. அவர் பிறந்தது ரூவான் நகரில், வளர்ந்தது புவெனஸ் ஐரிஸில், 2000ஆம் ஆண்டு யூரோ இறுதியில் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் கோல்) அடித்தது பிரான்சுக்காக. பிரான்சில் கடைசி டி (t) எழுத்து ஒலிக்காது: 'ட்ரெஸெகே'. அர்ஜென்டினாவில் அது ஒலிக்கும்: 'த்ரெஸெகெத்'. பிரெஞ்சு அணி ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது முன்னதைச் சொல்லுங்கள், போதும். அதே பெயரைப் பட்டப்பெயராக வைத்துக்கொண்டு எகிப்துக்கு ஆடும் ஒருவரும் இருக்கிறார், அவருக்கும் 'ட்ரெஸெகே'யே பொருந்தும்.

அப்புறம், நம் வாய். தமிழ் பேசுபவருக்கு இதில் சில இடங்களில் லாபம், சில இடங்களில் நஷ்டம். கீலியன் எம்பாப்பேயின் தந்தை கேமரூன் வழி வந்தவர். பெயரின் தொடக்கத்தில் 'ம்'மும் 'ப'வும் ஒட்டிக்கொண்டு ஒரே ஒலியாக வரும். ஆங்கிலம் பேசுபவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். நமக்கோ 'தம்பி'யில் வரும் மெல்லிய ப, 'அப்பா'வில் வரும் வலிய ப்ப, இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, அவ்வளவுதான். 'ம்பாப்பே' என்றே தொடங்கலாம். முன்னால் சின்னதாக ஓர் 'எ' ஒட்டிக்கொண்டாலும் குறையில்லை, பிரெஞ்சு வாயிலும் அது ஒட்டிக்கொள்வதுண்டு.

அதே பழக்கம் பிரெஞ்சு வீரர் கான்த்தே விஷயத்தில் நம்மைக் கவிழ்க்கும். மெல்லெழுத்துக்குப் பின்னால் வரும் வல்லெழுத்தை நாம் தானாகவே மெலித்துவிடுவோம். 'காந்தே' என்று எழுதினால் 'காந்தி' போலத்தான் வாயில் வரும். அங்கே வேண்டியது 'சத்தம்' என்பதில் வரும் 'த்த'. உங்கள் குறிப்பேட்டில் 'கான்த்தே' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொங்கோ வழி வந்த இன்குன்குவுக்கும் இதே எச்சரிக்கை: இரண்டு 'கு'வும் 'பக்கம்' என்பதில் வருவது போல வலிக்க வேண்டும், 'சங்கு' போல மெலியக்கூடாது.

இன்னொன்று, பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியப் பெயர்களில் வரும் டி (t) ஒலிகள் பல்லில் நாக்குப் படும் த-வுக்கு நெருக்கமானவை. ஆங்கிலம் வழியாக வந்த பழக்கத்தால் எல்லாவற்றையும் 'ட' ஆக்கிவிடுகிறோம். நம்மிடம் தயாராக இருக்கும் ஒலியை விட்டுவிட்டுத் தள்ளி இருப்பதைப் பிடிப்பானேன்? ஓஸிலின் முதல் எழுத்துக்கு மட்டும் கொஞ்சம் பயிற்சி தேவை: 'ஏ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவியுங்கள். குன்டோ-ஆனின் தொடக்கம் 'ஈ'யைக் குவித்த உதட்டோடு சொல்வது. வரவில்லையென்றால் 'ஓ', 'உ' என்றே சொல்லிவிட்டு மேலே போகலாம்.

எதுவரை போக வேண்டும் என்பதில் என் கருத்து இதுதான். மெய்யொலி சரியாக இருக்க வேண்டும், அசை எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். எந்த அசையில் அழுத்தம், மூக்கொலி எவ்வளவு என்பதெல்லாம் அதன் பிறகுதான். தமிழ் வாக்கியத்தின் நடுவே திடீரென்று பாரிஸ்காரர் போலத் தொண்டையை உருட்டினால் கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் இன்னொன்று என்று மாற்றிச் சொல்வது இதைவிட மோசம்.

கேட்டுப் பழக எங்கே போவது? புது வீரரைச் சேர்க்கும்போது கிளப்புகள் வெளியிடும் அறிமுகக் காணொளியில் பலர் தங்கள் பெயரைத் தாங்களே சொல்வார்கள்; முதல் சில நொடிகளே போதும். அது கிடைக்காவிட்டால் அவருடைய தேசிய அணியின் சொந்த மொழிப் பேட்டி. ஜெர்மன் மைதானங்களில் அறிவிப்பாளர் முதல் பெயரை மட்டும் சொல்ல, குடும்பப் பெயரைக் கூட்டமே கத்தும். ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் சொல்வதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஆங்கில ஒளிபரப்பைக் கடைசியில் வையுங்கள். இணையத்தில் இருக்கும் இயந்திரக் குரல்களை நம்பவே வேண்டாம், அவை எழுத்தை மட்டும் பார்த்து ஏதோ ஒரு நாட்டு விதிப்படி படித்துவிடும்.

ஆட்டத்துக்கு முன்னால் இரு அணிப் பட்டியலையும், மாற்று வீரர்கள் உட்பட, தமிழில் எழுதி ஒருமுறை உரக்கப் படித்துவிடுங்கள். அப்படியும் 80ஆவது நிமிடத்தில் நீங்கள் கேட்டே இராத ஒருவர் களத்துக்குள் ஓடி வருவார். அப்போது ஜெர்சி எண்ணைச் சொல்லிச் சமாளியுங்கள். மைதான ஒலிபெருக்கி அந்த மாற்றத்தை அறிவிக்கும் நேரத்தில் மட்டும் யாரும் பேசாமல் காதைக் கொடுங்கள். அடுத்த தடவை பந்து அவர் காலுக்கு வரும்போது பெயரைச் சொல்லலாம்.