அடி இறங்கினால் கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. நான்கு பிள்ளைகள், நால்வரும் வீட்டிலேயே பிறந்தவர்கள். சில மாதங்களாகப் பழைய துணிகளைத் தனியே துவைத்துக் கொல்லையில் மறைவாகக் காயப்போட்டு வந்தார். கேட்டபோதுதான் அடி இறங்கியிருப்பதை, அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்திருப்பதைச் சொன்னார். மூன்று ஆண்டுகளாக இருக்கிறதாம். மருத்துவர், ‘மூன்றாம் நிலை, வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்’ என்கிறார். அத்தைக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இந்த வயதில் ஆபரேஷன் தேவையா? செய்தால் எப்போது பழையபடி நடமாடுவார்?

பதில்: பேத்தியின் பிரசவத்துக்குத் துணையாக வந்து, அவள் ஸ்கேன் எடுக்கப் போன நேரம் பார்த்து, “எனக்கும் ஒன்று இருக்கிறது, டாக்டரம்மா” என்று குரலைத் தாழ்த்தும் பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டு மறைத்தது உங்கள் அத்தை மட்டும் அல்ல. கொல்லையில் காய்ந்த துணியைக் கவனித்துக் கேட்டீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

கர்ப்பப்பை கெட்டுப்போனதால் இறங்குவதில்லை. அதைத் தாங்கியிருந்த தசைகளும் நாண்களும் தளர்ந்ததால் இறங்குகிறது. பந்தல் கால் இற்றுப்போனால் பாகற்கொடியைக் குறை சொல்லி என்ன பயன்? பிரசவங்களில் நைந்த தசை, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைந்து இன்னும் மெலிகிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், இடுப்பில் தூக்கிய குடங்கள் எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன. பெரும்பாலும் சிறுநீர்ப்பையும் சில வேளை மலக்குடலும் கூடவே சரிந்து வரும். இது புற்றுநோய் அல்ல. இன்றே முடிவெடுக்க வேண்டிய அவசரமும் பொதுவாக இல்லை.

ஆகவே ‘எடுத்துவிடலாம்’ என்பது பாதிப் பதில்தான். “எடுத்தபின் மேல்பகுதியை எதில் இழுத்துக் கட்டுவீர்கள், சிறுநீர்ப்பைப் பக்கத்தையும் சேர்த்துத் தைப்பீர்களா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கட்டு சரியில்லை என்றால், கர்ப்பப்பை போன இடத்திலேயே பிறப்புறுப்பின் கூரை கீழே இறங்கும். பிறப்புறுப்பு வழியாகச் செயற்கை வலை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். இந்தப் பயன்பாட்டுக்கான வலைகளின் விற்பனையை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஆபரேஷன் இல்லாத வழியும் உண்டு: பெசரி என்னும் வளையம். குழந்தையின் வளையல் போல இருக்கும், மடித்து உள்ளே வைத்தால் விரிந்து தாங்கிக்கொள்ளும். அளவு சரியாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. போட்டவுடன் நடந்து, குந்தி உட்கார்ந்து, சிறுநீர் கழித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். முதல் முறை நழுவி விழுந்தால் அளவை மாற்றலாம், அதற்காக இந்த வழியையே கைவிட வேண்டாம். ஆபத்து வளையத்தில் இல்லை, மறதியில் இருக்கிறது. வருடக்கணக்கில் விட்டுவிட்டால் சதையில் பதிந்து புண்ணாகும். பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளி என்று கணக்கு வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் போட்டுவரச் சொல்கிறேன். என் நோயாளிகள் இந்தக் கணக்கை மறப்பதில்லை.

சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கும் கெகல் பயிற்சி தொடக்க நிலையில் நன்றாக உதவும். வெளியே வந்துவிட்ட கர்ப்பப்பையை அது மேலே ஏற்றாது. வயிற்றை உருவி ஏற்றிவிடுவதாகச் சொல்பவர்களிடம் போகவே வேண்டாம்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் வயது தடையில்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்குக் கீழே வந்தால் நல்லது. முழுவதும் வெளியே தொங்கினால் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் மடங்கிச் சிறுநீரகம் வீங்கக்கூடும், அதையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். உரசலில் புண் இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, பிறப்புறுப்பு வழியாகவே செய்வதால் வயிற்றில் தழும்பு இராது. இனி தாம்பத்திய உறவு வேண்டாம் என்பவர்களுக்கு, பிறப்புறுப்பின் பாதையையே தைத்து மூடும் எளிய சிகிச்சையும் இருக்கிறது. இதை அத்தையிடம் தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் கூடி, “அம்மாவுக்கு இனி எதற்கு” என்று முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

மறுநாளே எழுந்து நடப்பார். சிறுநீர் வடிய வைத்த ரப்பர் குழாயை ஓரிரு நாளில் எடுப்பார்கள், சில நாளில் வீடு திரும்பலாம். சிரமம் அதற்குப் பிறகுதான். வலி குறைந்ததும், “எனக்கு ஒன்றும் இல்லை” என்று குடத்தைத் தூக்குவார். 15 லிட்டர் குடம் 15 கிலோ. ஆறு வாரம் ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் வேண்டாம், மூன்று மாதம் வரை ரேஷன் அரிசிப் பையின் பக்கமே போகக் கூடாது. பேரப்பிள்ளையைத் தூக்காமல் மடியில் வாங்கிக்கொள்ளட்டும். முக்கி மலம் கழித்தால் தையல் பிரியக்கூடும். கீரை, பழம், தண்ணீர் போதவில்லை என்றால் இளக்கி மருந்து கேட்டு வாங்குங்கள். சில வாரங்கள் லேசான கசிவும் நூல் துண்டுகளும் வருவது வழக்கம். சிவப்பாக இரத்தம் கொட்டினாலும், துர்நாற்றம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீக்கம், சிறுநீர் அடைப்பு இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இருமினால் சிறுநீர் சொட்டுவது சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின் புதிதாகத் தெரியும். இறங்கிய சிறுநீர்ப்பை மடங்கி இதுவரை அதை மறைத்திருக்கும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

மாதவிடாய் நின்றபின் எப்போது இரத்தம் பட்டாலும், இறங்கியதை உள்ளே தள்ள முடியாமல் வீங்கினாலும் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அத்தை கூச்சத்தில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் மேசையில் படுப்பார். படுத்தால் தானாகவே உள்ளே போய்விடுவதும் உண்டு. மருத்துவர் முக்கச் சொல்வார், நன்றாக முக்கச் சொல்லிவையுங்கள். போதவில்லை என்றால் நின்றபடி பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.