குதிரையேற்றம் பழகும் பிள்ளைக்குத் தனிச் சேணம் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் சனி, ஞாயிறுகளில் குதிரையேற்றம் பழகுகிறாள். ட்ராட் என்கிற துள்ளுநடை நன்றாக வருகிறது, கேன்ட்டர் என்கிற மிதமான பாய்ச்சல் இப்போதுதான் ஆரம்பம். ஆசிய விளையாட்டில் நம் நாடு தங்கம் வாங்கிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து, குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸாஜும், தடை தாண்டும் ஜம்பிங்கும் கற்றே தீருவேன் என்கிறாள். விசாரித்த கடையில் இரண்டுக்கும் தனித்தனிச் சேணம், முழங்கால் உயர பூட்ஸ், குதிகாலில் மாட்டும் ஸ்பர் (முள்), உடம்புக் கவசம் என்று பெரிய பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரோ, "என் பைக் ஹெல்மெட்டே போதும்" என்கிறார். எதை வாங்க, எதை விட?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: சேணம் இரண்டுமே வேண்டாம் அம்மா. ஹெல்மெட் மட்டும் உடனே வாங்குங்கள், பைக் ஹெல்மெட் ஆகாது.

சேணத்தை ஏறுகிற பிள்ளைக்கு மட்டும் அளவு பார்த்து வாங்க முடியாது, குதிரையின் முதுகுக்கும் பொருந்த வேண்டும். கழுத்து முடிகிற இடத்தில் ஒரு எலும்பு மேடு இருக்கும். சேணத்தின் முன் வளைவு குறுகலாக இருந்தால் அதன் இருபுறமும் அழுத்திப் புண்ணாக்கும். அகலமாகிவிட்டால் சேணம் இறங்கி அந்த எலும்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். பண்ணையில் இந்த வாரம் ஒரு குதிரை, அடுத்த வாரம் இன்னொன்று என்று கொடுப்பார்கள். அப்படியிருக்க, எந்தக் குதிரையின் முதுகுக்கு வாங்குவீர்கள்? கடைக்காரரிடமும் இதையே கேளுங்கள்.

டிரெஸாஜ் சேணத்தின் பக்க மடல் நேராக, நீளமாகத் தொங்கும். காலை நீட்டி உட்காருவதற்காக அப்படி. ஜம்பிங் சேணத்தில் மடல் முன்பக்கம் தள்ளியிருக்கும், கால் வைக்கும் அங்கவடியைக் குறுக்கிப் போட்டு முழங்காலை முன்னால் வைக்க. உங்கள் மகள் இன்னும் தன் உட்காரும் நிலையைத்தான் பழகுகிறாள். இரண்டுக்கும் நடுவான 'ஆல் பர்ப்பஸ்' சேணமே இப்போது அவளுக்குச் சரி. பெரும்பாலும் பண்ணையிலேயே அது இருக்கும். வட்டம் போடுவது, தரையில் கிடத்திய கட்டைகளைக் கடப்பது, சின்ன உயரம் தாண்டுவது எல்லாம் அதிலேயே நடக்கும். பின்னால் அவளுக்கென்று ஒரு குதிரை அமைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். சேணம் கான்பூரில் செய்து வெளிநாடுகளுக்கே ஏற்றுமதி ஆகிறது, கிடைக்காமல் போய்விடாது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற நம் நால்வரும் ஐரோப்பாவில் பயிற்சி எடுத்தவர்கள். அந்தக் கட்டத்துக்கு உரிய சாமான்களை இன்றைக்கே வாங்கி வைப்பதால் உங்கள் மகளுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தப் பணத்தில் கூடுதல் வகுப்புக்கு அனுப்புங்கள். ஸ்பர் மட்டும் கூடவே கூடாது. கால் அசையாமல் இருக்கப் பழகாத பிள்ளை, தெரியாமலே குதிரையைக் குத்திக்கொண்டிருக்கும்.

இனி ஹெல்மெட். பைக் ஹெல்மெட் கனம் அதிகம், காதையும் மூடிவிடும். பயிற்சியாளர் சத்தம் போடுவது பிள்ளையின் காதில் விழ வேண்டாமா? குதிரையேற்ற ஹெல்மெட்டை இந்த விளையாட்டில் விழும் விதத்துக்கு ஏற்றபடி தனியாகச் சோதிக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 'ஏஎஸ்டிஎம் எஃப்1163' அல்லது 'பிஏஎஸ் 015' என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்கிறதா பாருங்கள். வெல்வெட் போர்த்தி அழகுக்கு விற்கும் தொப்பிகளில் இது இருக்காது. கடைக்கு மகளையே கூட்டிப் போங்கள். சவாரிக்குப் போகும்போது எப்படித் தலை பின்னுவாளோ அப்படியே பின்னி அழைத்துப் போங்கள். உச்சிக்கொண்டையோ மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையோ இருந்தால் ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும். பிடரியில் தாழ்வாகப் போட்ட ஒற்றைச் சடைதான் நல்லது. வாரைக் கட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி, ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரிது. வளருகிற பிள்ளையாயிற்றே என்று பெரிதாக வாங்கிவிடாதீர்கள். யாரோ போட்ட பழையதும் வேண்டாம். ஒரு தடவை பலமாக அடிபட்டாலே உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

காலுக்கு, கணுக்காலை மூடுகிற, அடி வழவழப்பான, சிறிய குதிகால் வைத்த குட்டை பூட்ஸ் போதும். அந்தக் குதிகால்தான் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காமல் தடுக்கிறது. விழும்போது கால் மாட்டி இழுபடுவது பெரிய ஆபத்து. நீள பூட்ஸ் அடுத்த வருஷம் பத்தாது.

உடம்புக் கவசம், திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓட்டும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்குக் கட்டாயம். ஜம்பிங் தொடங்கும்போது பயிற்சியாளரிடம் கேட்டு, போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்கு வாங்கிய சவாரி பூட்ஸ் இரண்டே வாரத்தில் அடி பிரிந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பிரிந்த இடத்தைப் படமெடுத்து, பில்லோடு சேர்த்துக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்புறமும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.