வாசகர் கேள்வி: ரோலரில் கை போனால் யாரிடம் போவது?

கேள்வி (மஸ்கெலியா வாசகி): தம்பி தோட்டத்து பெக்டரியில் வேலை. தேயிலை அரைக்கிற ரோலரில் கை அகப்பட்டு இரண்டு விரல் போய்விட்டது, இரண்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். கவனமில்லாமல் கை வைத்தது அவன் பிழை என்கிறார் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர். கொழும்பில் தேசிய பாதுகாப்பு நிறுவகம் ஒன்று இருக்கிறதாமே, எழுதிப் போட்டால் வந்து பிடிப்பார்களா?

பதில்: பிடிக்க மாட்டார்கள். நீங்கள் சொல்வது தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. பயிற்சி, ஆய்வு, ஆலோசனை எல்லாம் கொடுக்கும், வழக்குப் போடுவது அதன் வேலை இல்லை. பெயரைப் பார்த்துப் பலர் அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள், பாவம்.

அதிகாரம் உள்ளவர் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளர். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, ஆள் வேலை செய்கிற பெக்டரிக்குள் பகலோ ராத்திரியோ அவர் நுழையலாம் (தேயிலை ராத்திரியிலும் அரைபடும் என்பது உங்களுக்குச் சொல்லவா வேண்டும்), வேலையாட்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ஓடுகிற மெஷினின் ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு போட வேண்டியது முதலாளி. அதனால் 'ஏன் கை வைத்தாய்' என்று கேட்பதற்கு முன் 'கை போகும்படி ஏன் திறந்து கிடந்தது' என்றுதான் கேட்க வேண்டும். இன்னொன்று, விபத்தால் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் தன் வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனால், நிர்வாகம் அந்தப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தம்பிக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த அறிவித்தல் போனதா என்று முதலில் கேளுங்கள், உங்கள் தொழிற்சங்கத் தலைவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

நட்டஈடு வேறு கதவு. அது 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், அதற்கென்று தனி ஆணையாளர் இருக்கிறார். வேலையின்போது, வேலையால் வந்த காயமா என்பதுதான் அங்கே முக்கியம். குடித்திருந்தாலோ, வேண்டுமென்றே பாதுகாப்பு உத்தரவை மீறினாலோ சிக்கல், வெறும் கவனக்குறைவு தட்டிக்கழிக்கும் காரணம் ஆகாது. நட்டஈட்டின் உச்சவரம்பு 2022இல் 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. இரண்டு விரலுக்கு அவ்வளவு வராது, இழப்பின் அளவுக்குத்தான் கணக்கு. ஆஸ்பத்திரிக் காகிதம், சம்பளச் சிட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 'இதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு' என்று யாராவது வந்தால் ஆணையாளர் அலுவலகத்தைக் கேட்காமல் போட வேண்டாம்.

கேள்வி (பொகவந்தலாவ வாசகர்): மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டினால் அந்தப் பொறியியலாளர் வருவாரா?

பதில்: வரமாட்டார். இதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டும். ஆனால் தோட்டத்தில் அதிகம் பேர் வேலை செய்வது மலையில், குளவியும் வழுக்கும் சரிவும் முறிந்து விழும் மரமும் அங்கேதான். எல்லா வேலைத்தலத்துக்கும் பொதுவாக ஒரு சட்டம் வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். ஆனாலும் நட்டஈட்டுச் சட்டம் மலையில் நிற்பவருக்கும் உண்டு, குளவி கொட்டியதற்கும் கேட்கலாம். மருந்து அடிப்பது மட்டும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பீடைகொல்லிப் பதிவாளரின் பொறுப்பு. பரகுவட் என்ற களைக்கொல்லியை நிறுத்தியது அந்த வழியில்தான்.

கேள்வி (பெயர் வேண்டாம், ஹட்டன்): முறையிட்டவர் யார் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: சொல்லக் கூடாது. இலங்கை ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 81ஆம் இலக்கச் சமவாயம், முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பரிசோதகர் இரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. ஆனால் சின்ன தோட்டத்தில் யார் எழுதியிருப்பார் என்று கணக்குப் போட அரை நாள் போதும், அதனால் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்து வைத்தோ சங்கத்தின் பெயரிலோ அனுப்புங்கள்.