முந்தியது வெப்பமா, வாயுவா?

கேள்வி: பனியுகங்கள் முடிந்தபோதெல்லாம் முதலில் வெப்பம் உயர்ந்தது, பல நூறு ஆண்டுகள் கழித்தே கார்பன் டை ஆக்சைடு உயர்ந்தது என்று படித்தேன். அப்படியிருக்க, இன்றைய வெப்ப உயர்வுக்கு அந்த வாயுவைக் காரணம் காட்டுவது எப்படிப் பொருந்தும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, நீங்கள் படித்தது கட்டுக்கதையன்று. அதிலிருந்து இழுக்கும் முடிவில்தான் கோளாறு இருக்கிறது. அண்டார்க்டிகாவில் ஆழத் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழ்களாக அடைபட்டிருக்கிறது. பெய்த பனி இறுகிக் குமிழ் அடைபடவே பல நூறு ஆண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகுமாதலால், குமிழில் இருக்கும் காற்று அதைச் சூழ்ந்த பனியைவிட வயதில் இளையது. வெப்பத்தைப் பனியிலிருந்தும் வாயுவைக் குமிழிலிருந்தும் கணிக்கிறோம். இந்த வயது வேறுபாட்டை நுட்பமாகக் கணக்கிட்ட பிறகு, நீங்கள் குறிப்பிடும் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது.

பனியுகத்தை முடித்துவைக்கத் தொடங்கியது வாயு அன்று என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறி, வடபகுதியின் கோடை வெயில் வலுத்ததே தொடக்கம். ஆனால் அந்த மாற்றம் மட்டும் உலகை ஏறத்தாழ 5 டிகிரி சூடாக்கப் போதாது. கடல் சூடாகி, நீரோட்டங்கள் மாறியபோது, வெயிலில் வைத்த கோலி சோடாவைப்போல் நீரில் கரைந்திருந்த வாயு வெளியேறியது. வெளியேறிய வாயு வெப்பத்தை மேலும் ஏற்றியது. அண்டார்க்டிகாவில் வெப்பம் சற்று முந்தியிருந்தாலும், கடைசிப் பனியுகத்தின் முடிவில் உலகச் சராசரி வெப்பத்தின் பெரும்பகுதி வாயு உயரத் தொடங்கிய பிறகே உயர்ந்தது. ஒன்றே விளைவாகவும் காரணமாகவும் இருக்க முடியும். வட்டிக்கு வட்டி பார்த்த செட்டிநாட்டுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று தொடங்கிவைப்பது வேறு: நாம் எரிக்கும் எரிபொருளிலிருந்து வரும் வாயுவே. அந்த 8 லட்சம் ஆண்டுகளிலும் பத்து லட்சத்துக்குச் சுமார் 180 முதல் 300 பங்குக்குள் ஏறி இறங்கிய வாயு, தொழிற்புரட்சிக்கு முன் 280ஆக இருந்தது. 1958இல் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315; இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கடல்தான் இதையும் கக்குகிறது என்பாரும் உண்டு. ஆனால் கடலோ நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கை உள்வாங்கி, அமிலத்தன்மை கூடிவருகிறது. கொடுப்பவன் கணக்கில் இருப்பு ஏறுமா? மேலும், காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன் வகையான கதிரியக்கக் கார்பன்-14, மண்ணுக்குள் பல கோடி ஆண்டுகள் கிடந்த நிலக்கரியில் எஞ்சியிருக்காது. அதை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போவதை 1950களிலேயே கண்டறிந்துவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சையே மீண்டும் பூச எண்ணுகிறோம். காளவாயில் வெளியேறிய வாயுவைச் சுவர் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்கிறார் கொத்தனார். மெய்யா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பெருமளவு மெய்தான். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சுட்ட கல்லை நீற்றிப் பூசிய பிறகு, பூச்சு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாக இறுகுகிறது. கனமான சுவரின் உட்பகுதிவரை இது நடந்தேற ஆண்டுகள் பல ஆகும். ஆனால் காளவாயில் நிலக்கரி எரித்திருந்தால், அந்த எரிபொருளின் வாயுவைச் சுவர் ஈடுகட்டாது.